பதினேழாம் வீட்டில் அறுபத்து மூன்று செடி

கிராம சபை கூடுவதற்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. ஆகஸ்ட் பதின்மூன்று, மாலை ஆறு மணி. புங்கனேரி ஊராட்சி அலுவலகத்தில் உமைமா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்று நாலு வீட்டுத் தோட்டங்கள். இருநூற்றுப் பதினோரு வகைச் செடி, கொடி, மரம். எந்த வீட்டில் எது எதற்கு உதவுகிறது என்ற குறிப்பு. எல்லாம் அவள் கையெழுத்து. எழுத வேண்டியது இரண்டுதான் பாக்கி. ஒன்று சுஹேல் அகமதுவின் வீடு. அதை நாளை காலை பார்க்க வேண்டும். இன்னொன்று பதினேழாம் வீட்டின் ஒன்பதாம் கட்டம்.

பதினேழாம் வீடு அவளுடைய வீடு. ஒன்பதாம் கட்டத்தின் தலைப்பு, ‘அழிந்தவை, காரணம்’.

ஊராட்சிச் செயலர் பாரதி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பத் தயாராக நின்றாள். பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

“வறட்சின்னு போட்டுடும்மா. முப்பது வீட்டுக்கு அதான போட்டிருக்க.”

உமைமா பேனாவின் மூடியைக் கழற்றினாள். மறுபடியும் மூடினாள்.

“காலியா இருந்தா ஆபீசர் உன்ன கேக்க மாட்டாரு, என்னத்தான் பேஜார் பண்ணுவாரு,” என்று சொல்லிவிட்டு பாரதி பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் முளைப்பதையும் மேய்வதையும் பதிந்து வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. புங்கனேரியில் அந்த வேலைக்கு, தாவரவியல் படித்த ஒருத்தி நாலு மாதத்துக்குத் தேவைப்பட்டாள். உமைமா வாணியம்பாடியில் பி.எஸ்சி. முடித்தவள். கல்லூரி கருத்தரங்கில் அவள் கட்டுரை வாசித்தபோது, பின் வரிசையிலிருந்து யார் பேசுகிறது என்று கேட்டார்கள். கடைக்காரரிடம் மீதி சில்லறை கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வருகிற பெண். அவள் வீடு வீடாகப் போய் அடுத்தவர் கொல்லையில் நிற்பாள் என்று தெருவில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அவள் நின்றாள். தனக்கென்று ஒரு முறையும் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் செடியைத் தொட்டு, பேரைச் சொல்லி, எதற்கு என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதை மட்டும்தான் எழுதுவாள். சொல்லாதது எவ்வளவு செழிப்பாக நின்றாலும் பதிவேட்டில் ஏறாது. இதனால் ஒரே செடி இந்துக்கள் தெருவில் திருநீற்றுப்பச்சையாகவும் பள்ளிவாசல் தெருவில் சப்ஜாவாகவும் இரண்டு வரிகளில் நின்றது. அங்கே சாமிக்கு, இங்கே விதையை ஊறவைத்து ரோஸ்மில்க்கில் போட. இரண்டும் சரி என்று விட்டுவிட்டாள்.

பதிவேட்டுக்கு இன்னொரு விதி உண்டு, அது அவள் வைத்ததல்ல. எழுதி முடித்ததை, எழுதியவரே, கிராம சபையில் வீடு வீடாக உரக்க வாசிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து மறுக்கலாம். மறுப்புக்குப் பதில் சொல்லி, சபை கை தூக்கினால்தான் அது பதிவேடு. அதுவரை வெறும் நோட்டுப் புத்தகம்.

அந்த வாசிப்புக்காகத்தான், அந்த ஒரு கட்டத்துக்காகத்தான், உமைமா இந்த வேலைக்கு மனுப் போட்டாள். இது பாரதிக்குத் தெரியாது. உமைமா ‘அம்மி’ என்று கூப்பிடும் அவள் அம்மா அக்தரி பேகத்துக்கும் தெரியாது.

*

போன ஐப்பசி வரை பதினேழாம் வீட்டில் அறுபத்து மூன்று வகை இருந்தது. உமைமா பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் பயிற்சிக்காக எண்ணியது அது. அக்தரி பேகம் எண்ணியதில்லை. எது எங்கே நிற்கிறது என்று இருட்டில் கை வைத்துச் சொல்வாள், அவ்வளவுதான். கிணற்றடியில் பொன்னாங்கண்ணி, அதன் ஓரமாகக் கரிசாலை. சுவரை ஒட்டி ஆடாதோடையும் நொச்சியும். முள்ளாக இருந்தாலும் பரவாயில்லை என்று வாசலுக்கே ஏறவிட்ட தூதுவளை. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர்களுக்குக் கை அரிக்கும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போவார்கள். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லிக்கு இந்த வீடு. பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டத் தழுதாழைக்கு இந்த வீடு. நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் மருதாணிச் செடி மொட்டையாகிவிடும். பறிக்க வருகிற பெண்களில் பாதிப் பேர் பொட்டு வைத்தவர்கள்.

கொல்லைச் சுவருக்குப் பின்னால் சுஹேல் அகமதுவின் தோல் கிடங்கு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவி அடுக்குவார்கள். ஷாப்புக்கு அனுப்பும்முன் அந்த உப்பை உதறி எடுப்பார்கள். உதறிய உப்பு அழுக்காக, முடியும் ரத்தமுமாகக் கிடக்கும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது இந்தப் பக்கத்துக் கிடங்குக்காரர்கள் எல்லோருக்கும் தீராத தலைவலி.

சுஹேல் அகமது தூரத்து உறவில் அக்தரி பேகத்துக்குத் தம்பி முறை, அக்காவை ஆபா என்று கூப்பிடுவார். லாரி திரும்ப இடம் போதவில்லை, கொல்லையில் எட்டடி கொடு ஆபா என்று கேட்டார். நொச்சியும் ஆடாதோடையும் எங்கே போகும் என்று அக்தரி பேகம் கேட்டாள். அவர் சிரித்தார். கேள்வியை வேடிக்கையாக எடுத்துக்கொண்டது போலத்தான் இருந்தது. அதற்கு அடுத்த மாதம், அக்தரி பேகம் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வாணியம்பாடி போயிருந்தபோது, வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத அரை மணியில், கொல்லை முழுக்க உப்பு விழுந்தது. மறுநாள் மழை. உப்பு கரைந்து வேருக்குப் போனது. கிணறும் கரித்தது.

முதலில் இலையோரம் கருகியது. சூடு பட்ட காகிதம் மாதிரி உள்ளே சுருண்டது. கார்த்திகை முடிவதற்குள் நின்றது இரண்டே இரண்டு, தென்னையும் இலந்தையும். இரண்டும் உப்பைத் தாங்கும் என்று உமைமா படித்திருந்தாள். படித்தது கண்ணெதிரே சரியாக இருந்தது.

அக்தரி பேகம் யாரையும் திட்டவில்லை. கல்யாணத்துக்குப் போயிருக்கக் கூடாது, வீட்டில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பத்து மாதமாகச் சொல்கிறாள். அந்த நேரம் தான் வீட்டில் இல்லை என்று உமைமா சொல்லியிருந்தாள்; எவனோ சுவரேறி வந்து கொட்டிவிட்டான் என்பது அம்மாவின் முடிவு. தெருவும் அப்படியே நினைத்தது. ஊரில் ஆறு கிடங்கு இருக்கிறது. எதிலிருந்து வந்தது என்று யார் சொல்வது?

உமைமா மண்ணை எடுத்துக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்குப் போய் உப்பின் அளவு பார்த்தாள். மண்ணில் மாட்டு முடியும் கிடந்தது. அதை ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு தேதி எழுதி வைத்தாள். தோல் உப்புதான் என்பதற்கு அது போதும். எந்தக் கிடங்கு என்பதற்குப் போதாது. எந்தக் கிடங்கு என்பது அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அதே கிராம சபையில் ஆறாவது பொருள், சுஹேல் அகமதுவின் கிடங்கை விரிவாக்க ஊராட்சியின் ஒப்புதல். பக்கத்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் கிடங்கால் கேடில்லை என்று பதிவேடு சொன்னால் ஒப்புதல் கிடைக்கும். பதினேழாம் வீட்டில் வறட்சி என்றிருந்தால் போதும். கிடங்கு பெருத்துவிட்டால் செத்த கொல்லையில் இன்னொரு முறை எதுவும் முளைக்காது.

*

உமைமா மனசில் வைத்திருந்த கணக்கில், அதே ஊர்ச் செல்லம்மாள் விஷயம் ஒன்று. கொல்லை செத்த பிறகு அவளுடைய மருமகளுக்குக் காமாலை வந்தது. வழக்கம் போல விடியற்காலையில் பாத்திரத்தோடு வந்து நின்றாள். வெள்ளை பூத்த தரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் மருமகள் பிழைத்துக்கொண்டாள். அது நல்லதுதான், ஆஸ்பத்திரிக்கே போயிருக்க வேண்டியதுதான் என்று உமைமா தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வெறும் பாத்திரத்தை அவள் சுஹேல் அகமதுவின் கணக்கில் எழுதினாள்.

இரண்டாவது, மாசி மாதம். சுஹேல் அகமதுவின் தாயார் இறந்துபோனார். இறந்தவர் உடலைக் குளிப்பாட்டும் தண்ணீரில் இலந்தை இலை போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். ஊரில் இலந்தை இருக்கிற ஒரே வீடு பதினேழு. அவர் வீட்டுப் பெண்கள் வந்து கேட்டார்கள். உமைமா கதவருகே நின்று, இல்லை என்று அம்மா சொல்லப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தாள். அக்தரி பேகம் முந்தானையைச் சொருகிக்கொண்டு போய், முள் குத்தக் குத்த ஒரு முறம் இலை பறித்துக் கொடுத்தாள். மௌத்துக்கு எப்படி இல்லை என்பது என்று பிறகு மகளிடம் உருதுவில் சொன்னாள். அம்மாவின் விரல்களில் ரத்தம் புள்ளி புள்ளியாக நின்றது. அதையும் உமைமா எழுதிக்கொண்டாள். மன்னிக்கிறவர்கள் மன்னிக்கட்டும். அதற்கு வேறு ஆள் இருக்கிறது.

*

பதினாலாம் தேதி காலையில் சுஹேல் அகமதுவின் வீட்டுக்குப் போனாள். பதிவேட்டை மேற்பார்க்கும் ஊராட்சிப் பல்லுயிர்க் குழுவுக்கு அவர்தான் தலைவர். வீட்டு முன்னால் புதிதாக ஒரு மூலிகைத் தோட்டம். ஓசூர் நர்சரியிலிருந்து தொட்டியோடு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. மாவட்டத்திலிருந்து வருகிற ஆபீசர் நாளை இதைப் பார்த்துப் பாராட்டுவதாக ஏற்பாடு.

உமைமா தன் முறையைச் சொன்னாள். தொட்டு, பேர் சொல்லி, எதற்கு என்று சொல்ல வேண்டும்.

“பலகையிலயே இருக்கே,” என்றார்.

“நீங்க சொல்லணும் மாமு.”

அவர் உற்சாகமாகவே ஆரம்பித்தார். துளசி, சளிக்கு. கற்றாழை, சூட்டுக்கு. ஓமவல்லி, குழந்தைக்கு. நாலாவது கறிவேப்பிலை, அதைச் சொல்லிவிட்டு ரசத்துக்கு என்று தானே சிரித்தார். ஐந்தாவதில் கை நின்றது. சிறியாநங்கை என்று பலகை சொன்னது. தொட்டியில் இருந்தது அது இல்லை, அழகுக்கு வைக்கும் ஏதோ செடி. அவர் பலகையைப் படித்தார். உமைமா எழுதவில்லை. அடுத்ததற்குப் போனார். கீழாநெல்லி என்ற பலகைக்குக் கீழே தொட்டாற்சிணுங்கி நின்றது. அவர் விரல் பட்டதும் இலை மூடிக்கொண்டது.

மொத்தம் பத்தொன்பது பலகை. அவள் எழுதியது நாலு வரி. எண்ணிக்கையை அவர் பார்க்கும்படி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அவளுக்கு நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியது. பத்து மாதத்தில் முதல் முறை.

“இன்னாம்மா, நாலுதானா? குழுத் தலைவர் வீட்ல நாலுன்னா சிரிப்பாங்களே.”

“சொன்னது நாலு மாமு.”

அவர் கோபப்படவில்லை. அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். தங்கள் கம்பெனியில் தோல் சோதனை லேபில் ஒரு இடம் இன்னும் அவளுக்காகவே வைத்திருப்பதாகச் சொன்னார். இதைப் போன வருஷமும் சொல்லியிருந்தார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, பதினேழாம் வீட்டுக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். இன்னும் எழுதவில்லை என்றாள்.

“வறட்சிதான். வேற இன்னா?” டீயை ஊதினார். “எல்லாத்தையும் கிளறினா யாருக்கு நல்லது சொல்லு. சில விஷயம் வெளிய வந்தா நான் ஒண்ணும் ஆவ மாட்டேன். உங்கம்மாதான் ஒடஞ்சி போவாங்க.”

அவள் டீயைக் குடிக்காமல் எழுந்தாள். தெருவில் வேகமாக நடந்தாள். பயமா, கோபமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவர் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். அவரைப் பிடிக்க ஒரே ஒரு கயிறு இருக்கிறது. அதன் மறுமுனை அவள் கழுத்தில்.

அன்று மாலை ஊராட்சி அலுவலகத்தில், பாரதி முத்திரையோடு காத்திருக்க, உமைமா ஒன்பதாம் கட்டத்தில் எழுதினாள். பாரதி படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இதைச் சபையில் வாசிக்க உன்னால் முடியுமா, சத்தம் வருமா என்று கேட்டாள். உமைமாவுக்குத் தெரியவில்லை. பாரதி சிறிது நேரம் முத்திரையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் குத்தினாள்.

*

பதினைந்தாம் தேதி பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்துப் புங்கமரத்தடியில் சபை கூடியது. இருநூறு பேர் இருப்பார்கள். மேசைக்குப் பின்னால் ஆபீசர், பாரதி, குழுத் தலைவர் என்ற முறையில் சுஹேல் அகமது. பெண்கள் வரிசையில் மூன்றாவதாக அக்தரி பேகம், கருப்பு புர்காவில், மகள் வாசிப்பதைக் கேட்க சீக்கிரமே வந்து இடம் பிடித்திருந்தாள்.

உமைமா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் வீடு அவள் காதுக்கே கேட்கவில்லை. செல்லம்மாள் எழுந்து, மைக்கை வாய்கிட்ட வைம்மா, எங்க வீட்டு முருங்கைய நாங்களும் கேக்கணும் இல்ல, என்றாள். சிரிப்பு எழுந்தது. மூன்றாம் வீட்டில் குரல் வந்துவிட்டது. தன் வீட்டுப் பிரண்டை, தன் வீட்டு வேலிப்பருத்தி ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்டு ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது எங்க வீட்ல இருந்து போன கிளை என்று ஒருவர் உரிமை கோரினார். பக்கத்தில் இருந்தவர், கொடுத்ததை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்காட்டுவே என்றார்.

பதினாறு முடிந்தது.

“பதினேழாம் வீடு. அக்தரி பேகம். முன்பு இருந்தவை அறுபத்து மூன்று. இப்போது இருப்பவை இரண்டு, தென்னை, இலந்தை. ஒன்பதாம் கட்டம். அழிந்தவை அறுபத்தொன்று. காரணம், சுஹேல் அகமது கிடங்கிலிருந்து கொண்டுவந்து கொட்டிய தோல் உப்பு.”

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். அக்தரி பேகம் முகத்திரையை ஏற்றிக்கொண்டு மகளையே பார்த்தாள்.

சுஹேல் அகமது அவசரப்படாமல் எழுந்தார். மறுப்புச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதை மரியாதையாகவே பயன்படுத்தினார். படித்த பெண், வருத்தத்தில் எழுதிவிட்டாள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆபீசரிடம் சொன்னார். ஊரில் ஆறு கிடங்கு இருப்பதைச் சொன்னார். உப்பு யாருடையது என்று உப்பில் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். உமைமா ஆய்வகத் தாளை ஆபீசரிடம் கொடுத்தாள். முடி இருந்த உறையையும் கொடுத்தாள். ஆபீசர் இரண்டையும் பார்த்துவிட்டு, தோல் உப்பு என்பது சரி, யார் கொட்டினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமே என்றார். அது இல்லாவிட்டால் அந்த வரியை அடித்து வறட்சி என்று மாற்றச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

“அதத்தான் நானும் கேக்கறேன்,” என்றார் சுஹேல் அகமது. அவளைப் பார்த்தார். குரலில் கனிவு இருந்தது. “சொவத்துக்கு மேல பத்தடி தகரம் அடிச்சிருக்கேன், அந்தப் பக்கமா ஒரு கூடை கூட விழாது. கொல்லக் கதவு உள்பக்கம் தாழ்ப்பா. ஆபா ஊர்ல இல்ல. அப்போ எவன் எப்படி உள்ள போனான்? பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லட்டும். நான் ஒத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். அவருக்கு அவளைச் சின்ன வயசிலிருந்தே தெரியும். சில்லறை கேட்கத் தெரியாத பெண்.

பாரதி சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து வைத்திருந்தாள். ஆபீசர் தலையசைத்தால் அடிக்க வேண்டும்.

உமைமா சபையைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். போயிருக்கக் கூடாது, போயிருக்கக் கூடாது என்று பத்து மாதமாகத் தன்னையே குத்திக்கொண்ட அந்த முகத்தைப் பார்த்தாள். இதைச் சொன்னால் அந்த வீட்டில் இன்று சாயங்காலம் எப்படி விளக்குப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் அவர் இன்னொரு டீயை ஊதிக் குடிப்பார்.

மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்தாள்.

“நான் பாத்தேன். கதவத் தெறந்தது நான்தான். தென்னைக்கி ரெண்டு கூடை உப்பு போடச் சொன்னாரு மாமுன்னு அவரு டிரைவர் நவீன்குமார் வந்து நின்னாரு. குட்டியானை வண்டி நெறைய மூட்டை இருந்திச்சி. மாமு லேப் வேல தர்றேன்னு சொல்லியிருந்தாரு, அது போயிடப் போவுதுன்னு நான் வாயே தெறக்கல. பதினாலு மூட்டையும் கொட்டி முடிக்கிற வரைக்கும் பாத்துக்கினு நின்னேன், அம்மி.”